காருக்குள் பூட்டிய அறை!

வீடு ஒன்றை விலைக்கு வாங்குகிறீர்கள். பணம் முழுவதையும் எண்ணிக் கொடுத்தாகிவிட்டது, பத்திரமும் பதிவாகிவிட்டது. குடி போன பிறகுதான் தெரிகிறது, கொல்லைப் பக்கத்தில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது என்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே கட்டில், மெத்தை, மின்விசிறி எல்லாம் தயாராக இருக்கின்றன. விற்றவரிடம் போய்க் கேட்கிறீர்கள். "ஆமாம், அந்த அறையும் நீங்கள் வாங்கிய வீட்டைச் சேர்ந்ததுதான். ஆனால் சாவி வேண்டுமானால் மாதா மாதம் தனியாக வாடகை கொடுக்கவேண்டும்" என்கிறார் அவர். உங்களுக்கு எப்படி இருக்கும்?

வீட்டு விஷயத்தில் இப்படிக் கேட்க யாரும் துணிய மாட்டார்கள். மோட்டார் கார் விஷயத்தில் இது உண்மையாகவே நடந்தது. 2022-ம் வருஷம் ஜூலை மாதம் ஒரு செய்தி உலகெங்கும் பரவிற்று. ஜெர்மனியின் பிரபல பி.எம்.டபிள்யூ. கம்பெனி, தென் கொரியாவில் தன் கார்களின் ஆசனத்தைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா நிர்ணயித்திருந்தது. மாதம் ஒன்றுக்குச் சுமார் 18 டாலர். ஆசனத்துக்குள் சூடு தரும் கம்பி தொழிற்சாலையிலேயே வைத்துத் தைக்கப்பட்டது. அதற்கு மின்சாரம் கொடுப்பது சொந்தக்காரரின் பாட்டரி. ஆனாலும் அந்த வசதிக்குத் தனி விலை கொடுக்காதவர்கள் சந்தா கட்டினால்தான் சூடு; கட்டாவிட்டால் குளிர்!

குளிர் தேசத்தில், பனிக்காலக் காலை வேளையில், கார் ஆசனத்தில் உட்காருவது பனிக்கட்டிமேல் உட்காருவது போலத்தான். ஆகவே ஜனங்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. எதிர்ப்பு வலுத்தது. அடுத்த வருஷமே, 2023-ல், ஆசனச் சூட்டுக்குச் சந்தா வாங்கும் ஏற்பாட்டைக் கம்பெனி கைவிட்டது.

கம்பெனியையும், கோபித்துக்கொண்ட வாடிக்கைக்காரர்களையும் தவிர, இந்த விவகாரத்தில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. அவர்கள் மனுப் போடுவதில்லை. சண்டைக்குப் போவதும் இல்லை. சிறு கருவி ஒன்றைக் காரில் செருகி, பூட்டிய அறைகளைத் தாங்களே திறந்துகொள்கிறார்கள். அவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

திருடர்கள் அல்ல!

'ஹேக்கர்' என்ற சொல்லைக் கேட்டதும், பாங்கில் இருக்கும் பணத்தைக் கம்ப்யூட்டர் மூலம் சுரண்டும் பேர்வழிதான் நம் நினைவுக்கு வருவான். கார் ஹேக்கர்களில் பெரும்பாலோர் அந்த ரகம் அல்ல. அவர்கள் கை வைப்பது சொந்தக் காரில். ரேடியோப் பெட்டியைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டு, அது எப்படிப் பாடுகிறது என்று பார்த்த அந்தக் காலத்துப் பையன்களின் வாரிசுகள் இவர்கள். வாரம் முழுவதும் வேறு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கார்க் கொட்டகையில் குடித்தனம்!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பெரிய பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. கிரெய்க் ஸ்மித் என்பவர் கார் ஹேக்கர்களுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு கைநூலே எழுதியிருக்கிறார். 2016-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு நல்ல வரவேற்பு.

சரி, அப்படி என்னதான் காருக்குள் ஒளிந்திருக்கிறது?

சாவியின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் நான்கு ஜன்னல் கண்ணாடிகளும் ஒருசேர ஏறி மூடிக்கொள்வது ஒன்று. வண்டியைப் பூட்டியதும் பக்கத்துக் கண்ணாடிகள் யானைக் காது போல மடங்கிக்கொள்வது மற்றொன்று. நிறுத்தி வைத்த காரில் மழை விழுந்தால், திறந்து கிடக்கும் ஜன்னல் தானாக மூடிக்கொள்வது இன்னொன்று. முனையில் திரும்பும்போது, திரும்பும் பக்கத்துப் பனி விளக்கு மட்டும் எரிந்து ஓரத்தைக் காட்டுவதும் உண்டு. சாவியைத் திருப்பியதும் ஸ்பீடாமீட்டர் முள் ஒருமுறை கடைசி வரை போய்த் திரும்பி வருவது வெறும் வேடிக்கை. ஆனால் ஹேக்கர்கள் பலர் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான்.

இவற்றில் ஒன்றின் பெயர் அழகானது. காரின் முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சி வைப்பர் துடைத்து முடித்த பிறகு, சில வினாடிகள் கழித்து நாலைந்து சொட்டு மறுபடி வழியும் அல்லவா? அந்தச் சொட்டுகளையும் துடைக்க வைப்பர் இன்னொரு முறை வந்து போகும். ஜெர்மானியர் இதற்கு 'கண்ணீர் துடைத்தல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபோக்ஸ்வேகன் கார்கள் சிலவற்றில் இந்த வித்தை உறங்கிக்கொண்டிருக்கும். தட்டி எழுப்பினால் போதும்.

ஏன் ஒளித்து வைத்தார்கள்?

இருக்கிற வசதியை எதற்காக மூடி வைக்கவேண்டும் என்று கேட்கலாம். காரணங்கள் மூன்று.

முதலாவது, சிக்கனம். ஒரே மாடலில் மலிவு ரகம், நடுத்தர ரகம், உயர்ந்த ரகம் என்று பல உண்டு. ரகத்துக்கு ஒன்றாகத் தனித்தனி மின்மூளை செய்வதைவிட, எல்லாவற்றுக்கும் ஒரே மின்மூளையைச் செய்து, மலிவு வண்டியில் சில வேலைகளை மட்டும் நிறுத்தி வைப்பது செலவு குறைவு. கல்யாண வீட்டில் எல்லாருக்கும் ஒரே அடுப்பில்தான் சமையல், பந்தியில்தான் வித்தியாசம்!

இரண்டாவது, சட்டம். ஒரே கார் பல தேசங்களுக்குப் போகிறது. தேசத்துக்குத் தேசம் விதி வேறு. பகலிலும் எரியும் முன்விளக்கு ஐரோப்பாவில் 2011 பிப்ரவரி முதல் புதிய மாடல் கார்களுக்குக் கட்டாயம். எதிரே வரும் வண்டியின்மேல் மட்டும் வெளிச்சம் விழாதபடி தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும் நூதன ஹெட்லைட்டை ஆடி கம்பெனி 2013-லேயே ஐரோப்பாவில் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதி கொடுத்ததோ 2022-ல்தான். இடைப்பட்ட காலத்தில் அந்த விளக்கோடு அமெரிக்கா போன கார்களில் விளக்கு இருந்தது, வித்தை இல்லை.

மூன்றாவது, வியாபாரம். இன்று மூடி வைத்ததை நாளை விலைக்கு விற்கலாம். முதல் இரண்டு காரணங்களை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. சண்டை வருவது இந்த மூன்றாவதில்தான்.

முழங்காலுக்கு அருகே ஒரு துவாரம்

பூட்டு எங்கே, சாவித் துவாரம் எங்கே?

டிரைவர் ஆசனத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே, முழங்கால் பக்கம் கையால் தடவிப் பாருங்கள். பதினாறு முளைகளுக்கு இடமுள்ள ஒரு செருகுவாய் தட்டுப்படும். அதை அங்கே வைக்கச் சொன்னது கார்க் கம்பெனி அல்ல, சர்க்கார்! அதற்குக் காரணம் புகை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கார்ப் புகையால் மூச்சுத் திணறிய காலத்திலிருந்து, கலிபோர்னியா மாகாணம் வண்டிப் புகை விஷயத்தில் கண்டிப்பாக இருந்து வருகிறது. எஞ்சின் கெட்டுப் புகை அதிகமானால் காரே அதைக் கண்டுபிடித்துக் குறித்து வைக்கவேண்டும், எந்த மெக்கானிக்கும் அந்தக் குறிப்பைப் படிக்க முடியவேண்டும் என்பது ஏற்பாடு. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் இந்தத் துவாரம் கட்டாயம் ஆயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல், டீசல் கார்களுக்கு 2004 முதல்.

புகையைச் சோதிப்பதற்காக வைத்த வாசல் அது. அதன் வழியாகத்தான் ஹேக்கர்களும் உள்ளே போகிறார்கள்.

உள்ளே போனால் என்ன இருக்கிறது? இந்தக் காலத்துக் கார் ஒன்றில் மின்மூளைகள் பல டஜன் உண்டு. உயர்ந்த ரகக் கார்களில் நூறு வரைகூட உண்டு. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. இவை ஒன்றோடொன்று பேசவேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கம்பி இழுத்தால் கார் தாமிரச் சுமையாகிவிடும். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1983-ல் இதற்கு வழி தேடத் தொடங்கி, 1986-ல் டெட்ராய்ட் நகரில் நடந்த எஞ்சினீயர்கள் மகாநாட்டில் தன் முறையை வெளியிட்டது. அதன் பெயர் 'கேன்'. முறுக்கிய இரண்டே கம்பிகள்! எல்லா மின்மூளைகளும் அந்த இரட்டைக் கம்பியில் தொங்கும். 1991-ல் வந்த மெர்ஸிடிஸ் கார் ஒன்று முதன்முதலாக இந்த முறையில் ஓடிற்று. 2008 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் சோதனைத் துவாரத்துக்கு வருவது இந்தக் கம்பிதான்.

இதன் போக்கு கிராமத்துப் பஞ்சாயத்தைப் போன்றது. ஒருவர் பேசுவது எல்லார் காதிலும் விழும். வேண்டியவர் எடுத்துக்கொள்வார், மற்றவர் சும்மா இருப்பார். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினால், குறைந்த எண்ணுள்ள செய்திக்கு முதல் மரியாதை. மற்றது பொறுத்திருந்து பிறகு பேசும். கடிகாரம் பிசகாமல் நடக்கும் ஏற்பாடு. ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் அந்தப் பஞ்சாயத்தில் யாரும் கேட்பதில்லை: "இதைச் சொன்னது யார்?" கம்பியில் வந்து விழுந்த எந்தச் சொல்லையும் நம்பிவிடுவார்கள். 1986-ல் காருக்குள் வெளியாள் நுழைந்து பேசுவான் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

ஒன்றும் சைபரும்

பூட்டைத் திறப்பது கேட்பதற்குப் பிரமாதமாக இருந்தாலும், செய்வது எளிய காரியமே. ஒவ்வொரு மின்மூளையிலும் நீண்ட எண் வரிசை ஒன்று பதிந்திருக்கும். ஓரிடத்தில் சைபர் இருந்தால் அந்த வசதி இல்லை. ஒன்று என்று மாற்றினால் உண்டு. மழைக்கு ஜன்னல் மூடவேண்டுமா? இன்ன மின்மூளையில், இன்ன இடத்துச் சைபரை ஒன்றாக்கு. அவ்வளவுதான்! எந்த இடம் எதற்கு என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் கஷ்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் பல வருஷங்களாகத் தங்கள் கார்களில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சேர்த்த அறிவு அது.

கருவிகளுக்கும் பஞ்சம் இல்லை. ஃபோக்ஸ்வேகன், ஆடி, ஸ்கோடா கார்களுக்கு அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் உள்ள ராஸ்-டெக் கம்பெனியின் கருவி பெயர் பெற்றது. அதே வேலைக்கு லிதுவேனியாவிலிருந்து வரும் மற்றொன்று டெலிபோனோடு பேசும். பி.எம்.டபிள்யூ.வுக்கு ஒன்று, ஃபோர்டுக்கு ஒன்று என்று வேறு பலவும் உண்டு. கானடாவின் எல்ம் என்ற சிறு கம்பெனி 'ஈ.எல்.எம். 327' என்று ஒரு சில்லு செய்தது. எந்தக் காரோடும் பேசவல்ல துபாஷி அது. முதல் பதிப்பில் நகல் எடுக்க முடியாதபடி காப்புச் செய்யவில்லை. விளைவு, உலகமெங்கும் மலிவான போலிகள் குவிந்தன. 2022-ல் மூலக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. போலிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன!

அனுபவஸ்தர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் புத்திமதி இது: முதலில் இருந்ததை இருந்தபடி எழுதி வைத்துக்கொள். ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பாட்டரி இறங்கிப்போகாமல் சார்ஜருடன் இணைத்துக்கொள். எழுதும் நடுவே மின்சாரம் தளர்ந்தால் மின்மூளை செங்கல்லுக்குச் சமம்; எதற்கும் உதவாது. விபத்தில் உப்பும் காற்றுப் பையின் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்காதே.

புயலுக்கு இரங்கிய பூட்டு

ஜன்னலும் வைப்பரும் சில்லறை விஷயம். பூட்டி வைப்பது எஞ்சினின் சக்தியையே என்றால்?

2016-ல் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி, தன் எலெக்ட்ரிக் காரில் ஒரு மலிவு ரகம் வெளியிட்டது. அதில் இருந்தது 75 அலகு பாட்டரி. ஆனால் சாப்ட்வேர் பூட்டுப் போட்டு, 60 அலகுதான் பயன்படும்படி செய்திருந்தார்கள். மீதி வேண்டுமானால் பல ஆயிரம் டாலர் கொடுத்துத் திறந்துகொள்ளலாம். அதாவது, அதிகப்படி பாட்டரியின் பாரத்தைத் தினமும் சுமப்பது கார். பலன் மட்டும் பூட்டுக்குள்.

2017 செப்டம்பரில் இர்மா என்ற கடும் புயல் புளோரிடா மாகாணத்தை நோக்கி வந்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அப்போது டெஸ்லா கம்பெனி, அந்தப் பிரதேசத்திலிருந்த இந்த ரகக் கார்களின் பூட்டை எங்கோ இருந்தபடியே சில நாட்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு நொடியில் ஒவ்வொரு காருக்கும் முப்பது மைலுக்கு மேல் கூடுதல் ஓட்டம் கிடைத்தது. புயல் கடந்ததும் பூட்டு மறுபடி விழுந்தது.

அது நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. பலர் பாராட்டினார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தோன்றியது. தொலைவிலிருந்தபடி கூட்ட முடியுமானால், தொலைவிலிருந்தபடி குறைக்கவும் முடியும் அல்லவா? அப்படியானால் வண்டி யாருடையது?

மற்றவர்களும் இந்த வழியில் வந்தார்கள். 2022 நவம்பரில் மெர்ஸிடிஸ் கம்பெனி தன் எலெக்ட்ரிக் கார்களுக்கு அமெரிக்காவில் ஒரு திட்டம் அறிவித்தது. வருஷத்துக்கு 1,200 டாலர் கட்டினால் கார் இன்னும் விறுவிறுப்பாகப் பாயும். புதிதாக ஒரு திருகாணிகூடப் பொருத்தவேண்டியதில்லை. குதிரைச் சக்தியும் வாடகைக்கு வந்துவிட்டது!

இதற்கு ஒரு பதில் பெர்லினிலிருந்து வந்தது. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர்கள் மூவர், வெளியார் ஒருவருடன் சேர்ந்து, டெஸ்லா காரின் மின்மூளையை ஆராய்ந்தார்கள். அந்தச் சில்லு விழித்தெழும்போது, தன் புரோகிராம் அசல்தானா என்று சோதித்துக்கொள்ளும். சரியாக அந்தக் கணத்தில் அதற்குப் போகும் மின் அழுத்தத்தைச் சற்றே தாழ்த்தினார்கள். காவல்காரன் கண் சொருகிய கணத்தில் உள்ளே நுழைவது போல! சில்லு தடுமாறிற்று, சோதனை தவறிற்று, ஹேக்கரின் புரோகிராம் உள்ளே போயிற்று. பின் ஆசனச் சூடு போன்ற, பணம் கட்டித் திறக்கவேண்டிய வசதிகளை இவ்வழியில் திறக்க முடியும் என்று 2023 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த மகாநாட்டில் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

சாலையில் மற்றவர்களும் உண்டு

இதுவரை படித்தவர்கள் ஹேக்கர்கள் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2015 ஜூலையில் அமெரிக்காவின் ஸென்ட் லூயிஸ் நகருக்கு அருகே பெரிய சாலையில் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஆண்டி கிரீன்பெர்க் என்ற பத்திரிகையாளர். திடீரென்று குளிர்சாதனம் முழு வேகத்தில் வீசிற்று. ரேடியோ அலறிற்று. வைப்பர்கள் ஆடின. பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் பயனில்லை. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்க, வண்டியின் வேகம் குறைந்துகொண்டே போயிற்று. பல மைல் தூரத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் செய்தவர்கள் சார்லி மில்லர், கிறிஸ் வாலஸெக் என்ற இரு நிபுணர்கள். கிரீன்பெர்க்குக்குத் தெரிந்து, அவர் சம்மதத்துடன் நடந்த பரீட்சை அது. காரின் ரேடியோப் பெட்டிக்கு இருந்த டெலிபோன் தொடர்பு வழியாக நுழைந்து, அந்த இரட்டைக் கம்பியில் பேசியிருந்தார்கள். சில நாட்களில் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது.

நல்லவர்கள் காட்டிய வழியைத் திருடர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2022-ல் லண்டனில், கார்ப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிபுணர் ஒருவரின் கார் வாசலில் நின்றிருந்தது. ஒரு நாள் பம்பரும் ஹெட்லைட்டும் பிய்ந்து கிடந்தன. போக்கிரிகள் வேலை என்று நினைத்தார். பின்னர் மறுபடியும் அப்படியே. ஜூலையில் காரையே காணோம்! ஆராய்ந்தபோது விஷயம் தெரிந்தது. திருடர்கள் ஹெட்லைட்டின் பின்னால் ஓடும் கேன் கம்பியைத் தொட்டு, "சாவி வந்துவிட்டது, கதவைத் திற" என்று பொய்ச் செய்தி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கருவி பார்ப்பதற்குப் பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கி போலவே இருக்கும்படி செய்து விற்கப்பட்டது. "சொன்னது யார்?" என்று கேட்காத பஞ்சாயத்தின் பலன் அது.

திருட்டு ஒருபுறம் இருக்கட்டும். சொந்தக்காரனே செய்யும் அக்கிரமமும் உண்டு. டீசல் வண்டியின் புகையை வடிகட்டும் சாதனத்தைக் கழற்றிவிட்டு, அது இருப்பதாகவே எஞ்சினை நம்ப வைக்கும் புரோகிராமை எழுதுகிறார்கள். வண்டி வேகமாகப் போகும். ஊரார் நுரையீரலில் கரி படியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 2020-ல் கணக்கிட்டபோது, பத்து வருஷ காலத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளில் இப்படிக் கைவரிசை காட்டியிருந்தது தெரிந்தது. மணிமீட்டரில் கைவைப்பவன் பணத்தைத்தான் திருடுகிறான். இவர்கள் திருடுவது அடுத்தவன் மூச்சை.

பூட்டுக்குள் இருந்த பொய்

இதைக் கேட்டதும், "அப்படியானால் கார் மின்மூளையை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டுவிடுவதே மேல்" என்று தோன்றலாம். அமெரிக்காவில் பலர் அப்படித்தான் வாதாடினார்கள். அங்கே 1998-ல் வந்த பதிப்புரிமைச் சட்டம் ஒன்று, டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கியிருந்தது. சினிமா, சங்கீதத் தட்டுகளைக் காப்பதற்காக வந்த சட்டம் அது. காரின் சாப்ட்வேருக்கும் பொருந்துவதாயிற்று. 2015-ல் சொந்தக்காரர்களுக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, கார்க் கம்பெனிகள் எதிர்த்தன. புகைக் கட்டுப்பாடு கெட்டுவிடும் என்று சொல்லிச் சுற்றுச்சூழல் இலாகாவும் எதிர்த்தது.

அந்த எதிர்ப்பின் மை உலர்வதற்குள், 2015 செப்டம்பர் 18-ந் தேதி அதே இலாகா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஃபோக்ஸ்வேகன் கம்பெனியே தன் டீசல் கார்களின் மின்மூளையில் மோசடிப் புரோகிராமை வைத்திருந்தது என்பதே அது! உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் கார்கள் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. புகைக் கட்டுப்பாட்டை மிகப் பெரிய அளவில் கெடுத்தது எந்தக் கொட்டகை ஹேக்கரும் அல்ல, பூட்டுப் போட்டவரேதான்!

மோசடி எப்படி வேலை செய்தது என்பதை உலகுக்கு விளக்கியவர்களில் ஒருவர், ஜெர்மனியில் லூபெக் நகரைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் டோம்கே. அவரிடமும் ஒரு ஃபோக்ஸ்வேகன் டீசல் கார் இருந்தது. "என் கார் என்னிடம் பொய் சொல்லுகிறதா?" என்று பார்க்க ஆசைப்பட்டார். அதே ரக மின்மூளை ஒன்றைப் பழைய சாமான் விற்கும் ஏலச் சந்தையில் வாங்கினார். உள்ளே இருந்த புரோகிராமைப் பிரித்துப் படித்தார். 2015 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த ஹேக்கர்கள் கூட்டத்தில் தாம் கண்டதைச் சொன்னார்.

அரசாங்கச் சோதனையில் காரை உருளைகள்மேல் நிறுத்தி, இத்தனையாவது வினாடியில் இத்தனை தூரம் என்று வகுத்த ஒரே அட்டவணைப்படி ஓட்டுவார்கள். மின்மூளை அந்த அட்டவணையை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. ஓட்டம் அட்டவணைப்படி போனால், "இது பரீட்சை" என்று புரிந்துகொண்டு புகையைச் சுத்தம் செய்யும் கரைசலை ஒழுங்காகச் சேர்க்கும். அட்டவணையை விட்டு விலகினால், "இன்ஸ்பெக்டர் இல்லை" என்று தெரிந்துகொண்டு சிக்கனம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும் அன்றைக்கு மட்டும் நடக்கும் பாடம்தான்! பின்னர் 2017-ல் டோம்கேயும் அமெரிக்க, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 900-க்கு மேற்பட்ட மின்மூளைப் புரோகிராம்களை ஆராய்ந்து, இந்த மோசடி எந்தெந்த வடிவில் இருந்தது என்பதை விவரமாக வெளியிட்டார்கள்.

பூட்டைத் திறக்கவே கூடாது என்றிருந்தால் இதையெல்லாம் யார் படித்திருப்பார்கள்?

பூட்டு மேல் பூட்டு

2015 அக்டோபரில் அமெரிக்கா அந்த விலக்கை அளித்தது. பழுது பார்க்கவோ, சட்டத்துக்கு உட்பட்டு மாற்றிக்கொள்ளவோ, சொந்தக்காரர் தம் காரின் சாப்ட்வேரைத் திறக்கலாம். ஆனால் ஒரு வருஷம் கழித்தே அது அமலுக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் கேட்டுப் பெறவேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை தொடர்ந்து கிடைத்து வருகிறது. புகை விதியையும் பாதுகாப்பு விதியையும் மீறுவதற்கு அது அனுமதி அல்ல.

இதற்கிடையே கம்பெனிகள் கதவை இறுக்கிக்கொண்டு வருகின்றன. ஜீப் பரீட்சைக்குப் பிறகு அந்தக் கம்பெனி, 2018 மாடல்களிலிருந்து சோதனைத் துவாரத்துக்கு முன்னால் ஒரு காவல் பெட்டியை வைத்தது. ஃபோக்ஸ்வேகனின் எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரில் பல மாற்றங்களுக்குக் கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களும் இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவேண்டும். இதற்காகப் பழைய மாடலைத் திருத்துவது கட்டாது என்று போர்ஷே கம்பெனி தன் பெட்ரோல் 'மக்கான்' காரை அங்கே விற்பதையே நிறுத்திவிட்டது.

காவல் வேண்டியதுதான். லண்டன் திருடர்களையும், சாலையில் முடங்கிய ஜீப்பையும் பார்த்த பிறகு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் திருடனுக்காகப் போட்ட பூட்டு, வீட்டுக்காரரையும் தெருவில் நிறுத்திவிடக் கூடாது. காவல் என்ற பெயரால் வாடகை வசூல் நடக்கவும் கூடாது.

எல்லைக்கோடு எங்கே என்பது அவ்வளவு சிக்கலான கேள்வி அல்ல. மழைக்கு ஜன்னல் மூடுவதும், ஆசனம் சூடாவதும் வண்டிக்காரருடைய சொந்த விஷயம். பிரேக்கும் புகையும் ஊராருடைய விஷயம். முன்னதில் கம்பெனிக்கு வேலை இல்லை. பின்னதில் வண்டிக்காரருக்கு மனம்போன உரிமை இல்லை. ஆனால் திறந்து பார்க்கும் உரிமை மட்டும் இரண்டுக்கும் பொது. தம் காருக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கச் சொந்தக்காரருக்கு எப்போதும் இடம் இருக்கவேண்டும். வண்டி ஒருவருடையது, சாலை எல்லாருடையது. கம்பெனியின் சொத்து என்று சொல்லிக்கொள்ள, விற்றுக் காசு வாங்கிய பிறகு அதில் மிச்சம் இருக்கக் கூடியது நல்ல பெயர் ஒன்றுதான்.